எபனேசர் வாசிக்காத பாட்டு

வாம்மா, உள்ள வா. எவ்வளவு நேரமா நின்னுட்டிருந்தே? பெல்லை அமுக்கினியா? அது வேலை செய்யாதும்மா. ஆறு மாசமா அப்படித்தான். எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டு மூணு தடவை காட்டியாச்சு. அவன் அமுக்கிப் பாத்துட்டு நல்லாத்தான் சார் இருக்குங்கறான், டீயைக் குடிச்சிட்டுப் போயிடறான். எவன் ஒழுங்கா வேலை செய்யறான் இந்தக் காலத்துல. செருப்பை உள்ளயே விடு, வெளிய நாய் தூக்கிட்டுப் போயிடும்.

அந்த நாற்காலி வேணாம். இங்க எதிர்ல உக்காரு, வெளிச்சம் உன் முகத்துல படற மாதிரி. எனக்கு ஆளு முகத்தைப் பாத்துப் பேசினாத்தான் பேசின மாதிரி இருக்கும். பேரு என்ன சொன்னே? என்னது? சரி விடு, பத்திரிகை ஆசிரியர் குடுத்தனுப்பின கடிதாசியில போட்டிருப்பார். ஆங், சுகிர்தா. நல்ல பேரு. ஏம்மா நீங்கள்லாம் வாய்க்குள்ளயே பேசறீங்க? என் பொண்ணும் இப்படித்தான் முணுமுணுக்கறா. நான் முப்பத்தஞ்சு வருஷம் அம்பத்தூர்ல ஃபேக்டரியில இருந்தவன். தகடு அடிக்கற பிரஸ் ஓடற இடத்துல நின்னு பேசினா அடுத்த ஷெட்டுக்குக் கேக்கும், அப்படிப் பேசினோம் நாங்க.

கடிதாசியில என்ன எழுதியிருக்கார்னு உனக்குத் தெரியுமில்ல? "அன்புள்ள தணிகாசலம் சார், தங்களிடம் உள்ள புதிய இசைத்தட்டுகளை சுகிர்தாவிடம் கொடுத்தனுப்பவும். இனி ஊசிமுனை பகுதியை அவர் எழுதுவார்." அவ்வளவுதான். ரெண்டு வரி. இருபத்திரெண்டு வருஷம்மா. தமிழ்ல மாசா மாசம் ஜாஸ் தட்டு விமர்சனம் எழுதற ஒரே ஆளு நான். படிக்கிறவன் இருநூறு பேர் இருப்பான், ஆனா அந்த இருநூறு பேரும் நான் சொன்னாத்தான் வாங்குவான். உன் மேல கோவம் இல்லை. நீ என்ன பண்ணுவே, அனுப்பினாங்க, வந்தே.

தட்டெல்லாம் அந்த மூலையில இருக்கு. சும்மா தூக்கிக் குடுக்க மாட்டேன், சொல்லித்தான் குடுப்பேன். இது நார்வேக்காரங்க மூணு பேர், புது ஆல்பம். பியானோ, பேஸ், டிரம்ஸ். பியானோக்காரன் ஒரு ஸ்வரத்தை வச்சா அடுத்ததை வைக்க ரொம்ப யோசிக்கறான், அந்த யோசனைதான் அழகு. பேஸ், அந்தக் கட்டைச் சத்தத் தந்தி, பிரமாதம். டிரம்ஸ்காரன் பேரு போட்டிருக்கு, போட்டோ போட்டிருக்கு, ஆளைத்தான் காணோம். முதல் பக்கம் பூரா தூங்கறான். குறிப்பு எழுதி உள்ள வச்சிருக்கேன்.

இது சிகாகோ பேண்ட், பதினாறு பேர், ஐம்பதுகள்ல வந்ததை மறுபதிப்பு பண்ணியிருக்காங்க. டிரம்பெட் எல்லாம் போர்வையைப் போத்திக்கிட்டு ஊதற மாதிரி இருக்கு. பழைய தட்டுல காது கிழியும். அந்தப் பழசும் என்கிட்ட இருக்கே, எடுத்துப் போட்டுப் பாத்தேன். அதுவும் இப்ப அப்படித்தான் இருக்கு. தேஞ்சு போச்சு போல.

இது ஜோகன்னஸ்பர்க். நாலு சாக்ஸபோன், டிரம்ஸே கிடையாது. இது நல்லா இருக்கு, நாலு நட்சத்திரம் போட்டிருக்கேன். இது டோக்கியோ, ஃப்ரீ ஜாஸ். எட்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் ஓடுவான், கல்யாண மண்டபத்துல பந்திக்கு இடம் பிடிக்கிற மாதிரி. ஆனா கவனிச்சுக் கேட்டா யாரும் யாரையும் இடிக்க மாட்டான். ரெண்டாவது தடவை கேட்டுட்டு எழுது, முதல் தடவையே எழுதிடாத.

மொத்தத்துல ஒண்ணு சொல்றேன், எழுதி வச்சுக்க. இப்ப உருப்படியா வாசிக்கறது பேஸ்காரன் மட்டும்தான். ரெண்டு வருஷமா நான் எழுதிட்டு வரேன். மறுபதிப்பு பண்றேன்னு கம்ப்யூட்டர்ல போட்டு மேல் சத்தத்தைச் சீவிடறாங்க. டிரம்ஸ்ல அந்தப் பித்தளைத் தாளங்க, சிம்பல் போச்சு, ஹை-ஹேட் போச்சு. புதுசா ரிக்கார்ட் பண்றவனும் அதையே கத்துக்கிட்டான். நான் ஒருத்தன்தான் தைரியமா எழுதறேன். வேற எவனும் வாயைத் திறக்கலை.

அதுல கை வைக்காதம்மா. அந்த நீல அட்டைத் தட்டு உனக்கில்லை, அது என் சொந்தம்.

எபனேசர் பேரை நம்ம பத்திரிகையில பாத்திருப்பே, ஆளைத் தெரியுமா? இல்லையா. அதைத்தான் சொல்ல வந்தேன். எபி. பெரம்பூர் ரயில்வே காலனி, அவங்கப்பா எஞ்சின் டிரைவர். நானும் அவனும் ஒரே ஸ்கூல், ஒரே பெஞ்சு. அவன் சர்ச்சுல டிரம்ஸ் வாசிச்சான், கல்யாணத்துல வாசிச்சான், அப்புறம் மவுண்ட் ரோடு ஹோட்டல் பேண்டுல வாசிச்சான். எனக்கு வாசிக்க வராது. கேக்க வரும். அவன் வாசிப்பான், நான் கேப்பேன். முடிச்சதும் குச்சியைக் கீழ வச்சுட்டு என் முகத்தைப் பாப்பான். நான் தலையாட்டினா உண்டு, இல்லைன்னா திரும்ப முதல்லேருந்து. ஐம்பத்தெட்டு வருஷமா எங்களுக்குள்ள இருக்கறது இது ஒண்ணுதான். எங்களுக்கு வேற பேச்சே கிடையாதும்மா. அரசியல் பேச மாட்டோம், வீட்டுக் கதை பேச மாட்டோம்.

எழுபத்தாறுல கோடம்பாக்கத்துல ஒரு ஸ்டுடியோ. சினிமாக்காரங்க சாப்பிடப் போன நேரத்துல ரெண்டரை மணி நேரம் கிடைச்சுது. நாலு பேர், ஆறு பாட்டு. டிரம்ஸ் பெட்டியைத் தூக்கிட்டுப் போனவன் நான். கடைசிப் பாட்டு 'மழை விட்ட பிறகு'. பியானோவும் எபியும் மட்டும். அதுல குச்சியே எடுக்க மாட்டான், பிரஷ்தான். பிரஷ் தெரியுமில்ல? மெல்லிசு கம்பிக் கட்டு. அடிக்கறது கிடையாது, டிரம்ஸ் தோல் மேல வட்டம் வட்டமா தேய்க்கறது. முறத்துல அரிசி புடைக்கிற சத்தம் வரும். வலது கை முழு வட்டம், இடது கை அரை வட்டம், ரெண்டும் எங்கயோ சந்திச்சுக்கும். அன்னைக்கு நான் ஸ்டுடியோ கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்னு அழுதேன். வெக்கமில்லாம சொல்றேன், அழுதேன்.

முந்நூறு தட்டு போட்டாங்க. நாப்பது வித்துப் போயிருக்கும். மிச்சம் குடோன்ல தண்ணி பூந்து போச்சு. என்கிட்ட இருந்த ஒண்ணை எவனோ கேட்டு வாங்கிட்டுப் போனவன் திருப்பிக் குடுக்கலை. எபி வாழ்க்கையில மொத்தம் அந்த ஒரு தட்டுதான்.

போன வருஷம் பெங்களூர்ல நாலு சின்னப் பசங்க, தட்டுக் கம்பெனி வச்சிருக்காங்க, அந்த மூல டேப்பைத் தேடிப் பிடிச்சு மறுபதிப்பு போட்டாங்க. அதுதான் இந்த நீலம். டிசம்பர்ல இங்க ஒரு கச்சேரி வேற ஏற்பாடு. எழுபத்திமூணு வயசுல எபி திரும்ப மேடை ஏறப் போறான். முட்டிக்கு எண்ணெய் தேச்சுக்கிட்டு தினம் காலையில ரெண்டு மணி நேரம் பழகினான். தட்டை அவனே கொண்டாந்து குடுத்தான். "நான் இன்னும் கேக்கலைடா. நீ கேட்டுச் சொல்லு, அப்புறம் கேக்கறேன்"னான்.

நான் குளிச்சுட்டு உக்காந்தேன் கேக்க. அஞ்சு பாட்டு போச்சு, ஏதோ மங்கலா இருக்கு, சரின்னு விட்டேன். ஆறாவது வந்துச்சு. பியானோ வருது. எபி இல்லை. ஊசியைத் துடைச்சேன். ஒயரை மாத்தினேன். சத்தத்தை ஏத்தினேன், மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து கத்திட்டுப் போனார். பியானோ மட்டும்தான். என் வீட்டுக்காரியைக் கூப்பிட்டேன். கதவுகிட்ட நின்னு கேட்டுட்டு, "இருக்குதே, சரசரன்னு ஏதோ கேக்குதே"ன்னா. அவளுக்கு ஜாஸ் என்ன தெரியும்? தட்டு கீறற சத்தத்தைச் சொல்றா. அவகூட பேசறதுல பிரயோஜனம் இல்லை. அவளும் இப்பல்லாம் பேச்சையே குறைச்சுட்டா. வயசானா அப்படித்தான் போல.

எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைக்கறே? அந்த ஸ்டுடியோவுல இருந்தவன் நான். என் காதால கேட்டவன். கம்ப்யூட்டர்ல போட்டு என் எபியைச் சீவி எறிஞ்சிருக்கானுங்க பாவிங்க. அன்னைக்கே எழுதினேன். 'இந்தத் தட்டில் எபனேசர் வாசிக்கவில்லை. அவரை அழித்திருக்கிறார்கள். அவர் மீது மரியாதை உள்ளவர்கள் இதை வாங்க வேண்டாம்.' ஆசிரியர் போன் பண்ணி உறுதியா சார்னு கேட்டார். நான் அந்த ஸ்டுடியோவுல இருந்தவன்யா, போடுய்யான்னேன். போட்டார். நான் யாருக்காக எழுதினேன், நீயே சொல்லு. அவனுக்காகத்தானே?

கடைக்காரங்க தட்டைத் திருப்பி அனுப்பிட்டாங்க. டிசம்பருக்கு ஹால் குடுக்கறேன்னவங்க, சர்ச்சை எதுக்குன்னு பின்வாங்கிட்டாங்க. கச்சேரி நின்னு போச்சு. பெங்களூர்ப் பசங்க எனக்குப் போன் பண்ணாங்க, ஒரே இரைச்சல், என்ன சொல்றானுங்கன்னே புரியலை, வச்சுட்டேன். வாசகர் கடிதம் வந்துச்சு பதினாலு. பிரஷ் சத்தம் தெளிவா இருக்கு, தணிகாசலத்துக்கு என்ன ஆச்சுன்னு. ஆசிரியர் வீட்டுக்கே வந்துட்டார். ஒரு வரி வருத்தம் போட்டுடலாம் சார்ங்கறார். முடியாதுன்னேன். அப்புறம் ரொம்பப் பக்குவமா, என் கையைப் பிடிச்சுக்கிட்டு, காதை ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடுங்களேன்னார். என் பொண்ணு சொல்லிக் குடுத்திருப்பா. அவ ரெண்டு வருஷமா அதைத்தான் சொல்லிட்டிருக்கா. நான் காதை வச்சே பேர் எடுத்தவன்மா. என்கிட்ட வந்து காதைக் காட்டுன்னா, சமையல்காரன்கிட்ட நாக்கைக் காட்டுன்னு சொல்ற மாதிரி இல்லையா? எழுந்து உள்ள போயிட்டேன். அப்படியே உக்காந்திருந்துட்டுப் போயிட்டார். அதுக்கப்புறம் வந்ததுதான் இந்த ரெண்டு வரி.

அதெல்லாம்கூட போகட்டும். எபி பண்ணதுதான் எனக்குத் தாங்கலை.

போன செவ்வாய்க்கிழமை வந்தான், காலையில பதினோரு மணிக்கு. கச்சேரி நின்னதிலேருந்து வரவே இல்லை, அன்னைக்குத்தான் வந்தான். நீ உக்காந்திருக்கற அதே இடத்துலதான் உக்காந்தான். பையிலேருந்து ரெண்டு பிரஷ்ஷை எடுத்தான். "தணிகை, ஒண்ணும் பேசாத. கேளு"ன்னான். அவன் குரல் எனக்கு நல்லாக் கேக்கும், கட்டைக் குரல். இந்த நீல அட்டையை எடுத்து மடியில வச்சுக்கிட்டான். பிரஷ்காரங்களுக்கு அது வழக்கம். டிரம்ஸ் இல்லைன்னா டெலிபோன் டைரக்டரி, சூட்கேஸ், தட்டு அட்டை, எது கிடைச்சாலும் அது மேல வாசிப்பாங்க. கண்ணை மூடினான். ஆரம்பிச்சான்.

எங்கம்மா ஆரம்பிச்சான்? கையை ஆட்டினான். வெறும் காத்துல. வலது கை வட்டம், இடது கை அரை வட்டம், மணிக்கட்டு அப்படியே அந்தக் கால மணிக்கட்டு. ஒரு சத்தம் கிடையாது. பிரஷ் அட்டையைத் தொடவே இல்லை. எபி வாசிக்கலைன்னு எழுதினியே, இந்தா பாரு, வாசிக்காம வாசிக்கறேன்னு என் வீட்டுக்கே வந்து என் எதிர்லயே உக்காந்து நடிச்சுக் காட்டறான். "போதும்டா நாடகம்"னேன். நிறுத்தலை. "கேலி பண்றதா இருந்தா வெளிய போய்ப் பண்ணு"ன்னேன். நிறுத்தலை. "அட்டையைத் தொட்டு வாசிடா நாயே"ன்னேன்.

அப்பதான் நிறுத்தினான். பிரஷ்ஷைக் கீழ வச்சுட்டு என் முகத்தைப் பாத்தான், எப்பவும் பாக்கற மாதிரி. அப்புறம் அழுதான். குலுங்கிக் குலுங்கி அழறான். அவன் எதுக்கும்மா அழணும்? கேலி பண்ணது அவன், அவமானப்பட்டது நான். எழுந்து போடான்னேன். போயிட்டான். என் வீட்டுக்காரி வாசல் கேட் வரைக்கும் அவன் பின்னாடியே போனா. திரும்பி வந்து நேரா அடுக்களைக்குப் போயிட்டா. சாயங்காலம் பொண்ணு வீட்டுக்குக் கிளம்பிட்டா, இன்னும் வரலை.

இதுதான் நடந்துச்சு. நீயே சொல்லு, யார் மேல தப்பு?

என்ன பாக்கறே? அட்டையில என்ன இருக்கு பாக்க? குடுக்க மாட்டேன்னு சொன்னேனே. ஜன்னல்கிட்ட எதுக்கு எடுத்துட்டுப் போறே? என்ன சொல்றே, இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லு. எங்க? ஒண்ணும் தெரியலையே. இரு, கண்ணாடியைப் போட்டுக்கறேன். சாய்ச்சுப் பிடி. இன்னும் கொஞ்சம், வெயில் பக்கமா.

ஆமா. ஏதோ இருக்கு. தலைமுடி கனத்துக்கு.

இது புது அட்டைம்மா. கவரைப் பிரிச்சதுலேருந்து அலமாரியிலதான் இருந்துச்சு. அவன்தான் எடுத்தான், வேற யாரும் எடுக்கலை. வட்டம் வட்டமா இருக்கே. ஒண்ணு மேல ஒண்ணா, நூறு வட்டம் இருக்கும் போலிருக்கே. இந்தப் பக்கம் முழு வட்டம். இந்தப் பக்கம் அரை வட்டம். பளபளப்பே போயிடுச்சு, கம்பி அழுத்தி அழுத்தித் தேச்சிருக்கு.

கொஞ்சம் இரும்மா. நான் உக்காந்துக்கறேன்.

தொட்டிருக்கான். ரெண்டு முழம் தள்ளி உக்காந்து அந்தப் பாட்டை முழுசா வாசிச்சிருக்கான். நான் நாயேன்னு சொல்லியிருக்கேன். அவன் என் முகத்தைப் பாத்தப்ப, நான் தலையாட்டுவேன்னு பாக்கலை. எனக்குக் கேக்கலைன்னு தெரிஞ்சுக்கிட்டுப் பாத்திருக்கான். அதுக்குத்தான் அழுதிருக்கான். நான் கேலின்னு நினைச்சேன்மா. சத்தியமா கேலின்னுதான் நினைச்சேன்.

தண்ணி வேணாம். பயமா இருக்கு, அவ்வளவுதான். நார்வே டிரம்ஸ்காரன் தூங்கியிருக்க மாட்டான் இல்ல? சிகாகோ தட்டு தேஞ்சிருக்காது. நீ பேச வேணாம், தலையை மட்டும் ஆட்டு. சரி. அந்தக் குறிப்பையெல்லாம் கிழிச்சுப் போட்டுடு.

ஒரு உபகாரம் பண்ணு. தட்டைப் போடறேன். ஆறாவது. நீ ஊசியை வை. மெதுவா. பியானோ வந்துடுச்சு, அது எனக்குக் கேக்குது. அவன் இருக்கானா? இருக்கான் இல்ல? ஏம்மா நீ அழறே, வேலையைப் பாரு. இந்தா, என் உள்ளங்கை. அவன் என்ன பண்றானோ அதை உன் விரலால இதுல போடு. கூச்சப்படாத, உங்க தாத்தா வயசு எனக்கு.

ஆங். அப்படித்தான். இன்னும் கொஞ்சம் அழுத்து. வட்டம் முடியற இடத்துல ஒரு சின்ன இழுப்பு வருது பாரு, அது எபி. வேற எவனும் அப்படி இழுக்க மாட்டான். இருக்கான்மா. அப்படியே இருக்கான். ஒண்ணும் சீவலை அந்தப் பசங்க. நிறுத்தாத, போடு.

இங்க ஏன் தாளத்தை விட்டு முந்தி ஓடறே? நீ ஓடறியா, அவன் ஓடறானா? நல்லாக் கேட்டுச் சொல்லு. அவன்தானா? நிச்சயமா? அப்ப அதையும் எழுது. எபனேசர் வாசித்திருக்கிறார், அருமையாக வாசித்திருக்கிறார், நடுவில் ஓரிடத்தில் கொஞ்சம் அவசரப்படுகிறார்னு எழுது. எழுதி என்கிட்ட குடு, நானே எடுத்துட்டுப் போய் அவன் எதிர்ல உக்காந்து சொல்றேன். வெறுமனே நல்லா இருக்குடான்னு சொன்னா, நான் கேக்கலைன்னு அவனுக்குத் தெரிஞ்சுடும்.